சிப்பி லார்வாவுக்குப் பாசித் தீனி: கல்சர் படுத்துவிட்டால் எங்கே பார்ப்பது

பாசி அறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், லார்வா, அதாவது சிப்பிக் குஞ்சு, தொட்டியில் நிறைந்திருக்கும் வாரமாகப் பார்த்துத்தான் அதற்குத் தீனியாக வளர்க்கும் நுண்பாசிக் கல்சர் வளராமல் படுக்கும். அந்த நேரத்தில் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: வாடிய தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்து உரத்தைக் கூட்டி, விளக்கைக் கூட்டி, காற்றைக் கூட்டிப் பார்ப்பது. பெரும்பாலும் அந்தத் தொட்டி குற்றவாளியே இல்லை. டெஸ்ட் ட்யூபில் காக்கும் மூல ஸ்டாக், அதிலிருந்து ஃபிளாஸ்க், அதிலிருந்து கார்பாய் என்னும் 20 லிட்டர் பெரிய பாட்டில், அப்புறம் பை அல்லது தொட்டி என்று கல்சர் படிப்படியாகப் பெருகி வருகிறது. அதனால் இன்று தொட்டியில் கண்ணுக்குத் தெரியும் கோளாறு சில நாள் முன்பே கார்பாயிலோ ஃபிளாஸ்கிலோ தொடங்கியிருக்கும். கீழே சொல்லும் எந்த அறிகுறி வந்தாலும், அந்தப் பாத்திரத்துக்கு எதிலிருந்து ஊற்றினீர்களோ அதில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தூத்துக்குடிப் பக்கத்து வெயிலையும் கடல்நீரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் 1981இல் முத்துச்சிப்பி லார்வாவைப் பொரிப்பகத்திலேயே வளர்த்துக் குட்டிச் சிப்பி வரை கொண்டுவந்தார்கள். உணவுச் சிப்பியான கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸுக்கும் அதையொட்டிய ஆண்டுகளில் வழி பிடிபட்டது. இரண்டுக்கும் முதன்மைத் தீனி ஐசோகிரைசிஸ் கல்பானா. இங்கே ஐசோ என்று சுருக்கமாகச் சொல்கிறேன், அறையில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை.

இனாகுலம் (விதைப் பாசி) ஊற்றி மூன்று நாளாகியும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது

முதல் சந்தேகம் குளோரின் மேல். கடல்நீரை 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) அளவில் ஹைப்போகுளோரைட் போட்டுச் சுத்தப்படுத்தி, ராத்திரி முழுக்கக் காற்று விட்டால் போய்விடும் என்று விட்டுவிடுகிறோம். மணல் வடிகட்டியில் சரியாகத் தெளியாத, கரிமப் பொருள் அதிகமுள்ள நீராக இருந்தால் குளோரமைன் உருவாகி, காற்று விட்டாலும் அவ்வளவு எளிதில் போகாமல் நிற்கும். ஆர்த்தோடோலிடின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் ஏறினால் குளோரின் இன்னும் இருக்கிறது. சோடியம் தயோசல்பேட் சேர்த்து அடக்கலாம். ஒரு பங்கு குளோரினுக்கு ஏறக்குறைய 7 பங்கு தயோசல்பேட் என்பது கணக்கு. அதைப் போட்டபின் நன்றாகக் காற்று விட்டு, மறுபடி சோதித்து நிறம் வராததைப் பார்த்த பிறகே பாசியை ஊற்ற வேண்டும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் அள்ளிப் போடுவது மாதிரி தயோசல்பேட்டைக் கையால் அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. மிஞ்சிய தயோசல்பேட் நீரில் தங்கிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

குளோரின் இல்லையென்றால் இனாகுலத்தைப் பாருங்கள். வளர்ச்சி நின்றுபோன பழைய கார்பாயிலிருந்து எடுத்தால், செல் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் புதுத் தண்ணீரில் அது எழுந்து நடக்கவே பல நாள் பிடிக்கும். நிறம் கருமையாக இருக்கும் கார்பாய்தான் நல்ல கார்பாய் என்று புதிதாக வருகிற பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நிறம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் கார்பாய்தான் ஊற்றுவதற்கு ஏற்றது. அளவும் முக்கியம். புதுப் பாத்திரத்தின் கொள்ளளவில் 10 முதல் 20 சதவீதம் இனாகுலம் இருந்தால் நிம்மதி. அதற்கும் கீழே போனால் செல்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்க, 5000 லக்ஸ் விளக்கு நேராக அடித்து அவற்றை வெளுக்க வைத்துவிடும். நீர்த்த கல்சருக்கு முதல் ஒன்றிரண்டு நாள் விளக்கைத் தள்ளி வையுங்கள் அல்லது ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். சிறு ஃபிளாஸ்குக்கு 1000 லக்ஸ் போதும். 5000 முதல் 10,000 வரை கார்பாய்க்கும் பைக்கும்தான்.

அதற்கு மேலும் பிடிபடவில்லையா? மூன்று சிறு ஃபிளாஸ்க் எடுங்கள். ஒன்றில் இப்போதைய இனாகுலமும் இப்போதைய உரமும் இருக்கட்டும், தண்ணீரை மட்டும் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலம்) செய்ததாக மாற்றுங்கள். இரண்டாவதில் உரத்தை மட்டும் புதிதாகக் கலக்கியதாக மாற்றுங்கள். மூன்றாவதில் இனாகுலத்தை மட்டும் வேறு வரிசையிலிருந்து எடுங்கள். எது எழுகிறதோ, அதில் மாற்றிய பொருள்தான் உங்கள் வில்லன். ஒரே ஃபிளாஸ்கில் மூன்றையும் மாற்றிவிட்டு அது வளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதில் பயனில்லை, அடுத்த மாதம் அதே இடத்தில் திரும்ப வந்து நிற்பீர்கள். மூன்றுமே எழவில்லை என்றால் பாத்திரத்தைச் சந்தேகியுங்கள்: சரியாக அலசாத சோப்பு, புது ரப்பர் ட்யூப், நீர் வரும் வழியில் எங்கோ ஒரு செம்பு அல்லது பித்தளை இணைப்பு. செம்பு கொஞ்சமாகக் கரைந்தாலும் பாசிக்கும் ஆகாது, சிப்பி லார்வாவுக்கும் ஆகாது.

நன்றாக ஏறி வந்தது, இப்போது வெளிறுகிறது

தங்கப் பழுப்பாக இருந்த ஐசோ வைக்கோல் நிறத்துக்குப் போனால் பெரும்பாலும் நைட்ரஜன் பற்றாக்குறை. சோதிப்பது எளிது. கல்சரை இரண்டு ஃபிளாஸ்கில் பிரித்து, ஒன்றில் மட்டும் உரம் சேர்த்து ஒரு நாள் வையுங்கள். அது நிறம் திரும்பினால் விஷயம் முடிந்தது. திரும்பவில்லையென்றால் விளக்கு அதிகமாக இருக்கலாம், இரும்பு கிடைக்காமல் இருக்கலாம்.

இரும்பு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் கான்வே என்னும் உரக் கரைசல்தான். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் பொட்டாசியம் நைட்ரேட் 100 கிராம், சோடியம் பாஸ்பேட் 20 கிராம், ஈடிடிஏ 45 கிராம், போரிக் அமிலம் 33.4 கிராம், ஃபெரிக் குளோரைடு 1.3 கிராம், மாங்கனீஸ் குளோரைடு 0.36 கிராம்: இது ஏ கரைசல். துத்தநாகம், கோபால்ட், செம்பு, மாலிப்டினம் உப்புகள் பி கரைசல். பி1, பி12 வைட்டமின்கள் சி கரைசல். ஒரு லிட்டர் கடல்நீருக்கு ஏ 1 மில்லி, பி அரை மில்லி, சி 0.1 மில்லி. இதில் ஈடிடிஏவின் வேலை இரும்பைப் பிடித்துக் கரைசலிலேயே நிறுத்திவைப்பது. ஈடிடிஏ குறைந்தாலோ பழைய தரம் குறைந்த பாக்கெட்டாக இருந்தாலோ, இரும்பு துரு நிறத்தில் பாட்டிலின் அடியில் இறங்கிவிடும். அப்புறம் மேலாக உள்ள தெளிந்த நீரைப் பிப்பெட்டில் எடுத்து ஊற்றிக்கொண்டிருப்போம், இரும்பு மட்டும் பாட்டிலிலேயே உட்கார்ந்திருக்கும். பாட்டிலைத் தூக்கி அடியைப் பாருங்கள். செந்நிறப் படிவு இருந்தால் குலுக்கி ஊற்றிச் சமாளிக்காதீர்கள், புதிதாகக் கலக்குங்கள்.

வைட்டமின் கரைசலை ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது, 0.2 மைக்ரான் வடிகட்டியில் விட்டுக் கடைசியில் சேர்க்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இருட்டாக வையுங்கள். ஐசோவுக்கும், அதைப் போன்ற இன்னொரு பழுப்புப் பாசியான பாவ்லோவாவுக்கும் பி1, பி12 இல்லாமல் ஓடாது. சில சுற்று நன்றாக வளர்ந்துவிட்டு அப்புறம் காரணமே தெரியாமல் சுணங்கும் கல்சரில், பழசாகிப்போன வைட்டமின் பாட்டிலையும் ஒரு பார்வை பாருங்கள்.

கீட்டோசெரஸ், ஸ்கெலட்டோனீமா மாதிரி டயாட்டம் (சிலிகா ஓடுள்ள நுண்பாசி) வளர்த்தால் சோடியம் சிலிகேட் தனியாகத் தர வேண்டும். எஃப் பை டூ என்னும் இன்னொரு உரக் கரைசலில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. சிலிகா தீர்ந்ததும் டயாட்டத்தால் ஓடு கட்ட முடியாது, பிரிவது நின்றுவிடும். நைட்ரேட்டை எவ்வளவு கொட்டினாலும் நகராது.

அடியில் படிகிறது

முதலில், படிவது பாசிதானா என்று பாருங்கள். கடல்நீரையும் உரத்தையும் சேர்த்தே ஆட்டோகிளேவில் வைத்தால், சூட்டில் பிஎச் ஏறி, பாஸ்பேட்டும் கால்சியமும் கூடி வெள்ளையாக இறங்கிவிடும். அந்தப் பொடியில் பாசி ஒட்டிக்கொண்டு பார்ப்பதற்குப் படிவு மாதிரியே இருக்கும். ஒரு துளியை எடுத்து நீர்த்த அமிலம் விட்டால் கரைந்து போகும், அப்படியானால் அது உப்பு. நீரைத் தனியாக 121 டிகிரியில் வைத்து எடுத்து, நன்றாக ஆறவிட்டு, அதன் பிறகு உரத்தைச் சேர்ப்பதுதான் வழி.

பாசியே படிகிறது என்றால் இரண்டு விதம் உண்டு. காற்றுக் குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கி, எதிர் மூலையில் தேங்கிப் படிவது ஒன்று. கையால் கலக்கினால் பழைய மாதிரி எழுந்து பரவிவிடும், குழாயை நடுவுக்கு நகர்த்தினால் தீர்ந்தது. கலக்கினாலும் திட்டுத்திட்டாகச் சுற்றுவது இன்னொன்று. அது வயதான கல்சர் அல்லது பிஎச் 9ஐத் தாண்டிய கல்சர். அடர்த்தி ஏற ஏற செல்கள் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித் தீர்ப்பதால் பிஎச் மேலேறும், விளக்கு அணைக்கும் முன் மாலையில் அளந்தால் உச்சம் தெரியும். 8.2 முதல் 8.7 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காற்றோடு 1 சதவீதம் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு கலந்து விட்டால் இறங்கும். சிலிண்டர் வசதி இல்லாத இடத்தில் காற்றைக் கூட்டி, சீக்கிரமே அறுவடை செய்துவிடுவதே நல்லது. திட்டான பாசியை வடிகட்டியில் தேய்த்து உடைத்து லார்வாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம்.

நேற்று மாலை நன்றாக இருந்தது, காலையில் காலி

இதுதான் வயிற்றைக் கலக்கும் ரகம். மூன்று சாத்தியம், மூன்றையும் மைக்ராஸ்கோப் ஐந்து நிமிடத்தில் பிரித்துக் காட்டிவிடும்.

செல்கள் அசையாமல் உருண்டு வெடித்த மாதிரி இருந்து, வேறு எதுவும் ஓடவில்லையென்றால் வெப்பம். ராத்திரி கரண்ட் போய் ஏசி நின்றிருக்கும், ஆனால் ஜெனரேட்டரில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். மூடிய அறையில் ட்யூப்லைட் வரிசையே போதும், அலமாரி அடுப்பாகிவிடும். ஜெனரேட்டர் இணைப்பில் ஏசி வராது என்றால் விளக்கும் வரக்கூடாது, காற்று மட்டும் வந்தால் போதும். இருட்டில் ஒரு ராத்திரியைப் பாசி தாங்கும், 35 டிகிரியைத் தாங்காது. ஐசோ கல்பானாவுக்கு 25 டிகிரிக்குள் இருந்தால்தான் சுகம். டஹிட்டி ஐசோ என்று ஒரு வகை உண்டு. 2013க்குப் பிறகு அதைத் தனிப் பேரினமாக்கி டிசோகிரைசிஸ் லூட்டியா என்கிறார்கள். அது வெப்பத்தை இன்னும் கொஞ்சம் தாங்கும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் கல்பானாவோடு மல்லுக்கட்டுவதைவிட இதையோ கீட்டோசெரஸையோ வளர்ப்பது புத்திசாலித்தனம்.

செல்கள் குறைந்து, நடுவே பெரிதாக ஏதோ விறுவிறுவென்று ஓடினால், பாசியை மேயும் நுண்ணுயிரிகளான சிலியேட் அல்லது ரோட்டிஃபர். யூப்ளோட்டஸ் என்ற சிலியேட்டை ஒருமுறை பார்த்தால் மறக்காது: தட்டையாக, அடியில் கால் மாதிரி முளைகளை வைத்துக்கொண்டு கண்ணாடித் தகட்டின் மேல் நடந்தே போகும், வயிற்றுக்குள் நீங்கள் வளர்த்த ஐசோ பழுப்பாகத் தெரியும். ரோட்டிஃபர் பெரும்பாலும் பக்கத்து மீன் பொரிப்பகத்திலிருந்துதான் வரும், வலையிலோ வாளியிலோ ஒரு கையோடோ. இவை இரண்டும் ஓரிரு நாளில் பெருந்தொட்டியையே மேய்ந்து முடித்துவிடும். ரோட்டிஃபரை வலையால் வடிக்கலாம். சிலியேட்டின் கூட்டுறை (ஓய்வு நிலையில் அது தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் உறை) வலையின் கண்ணில் புகுந்து போய்விடும். அதைவிடச் சின்ன, நிறமற்ற கசையுயிரிகள் ஐசோ அளவிலேயே இருக்கும், வடிப்பதற்கே வழியில்லை. என் கருத்து: மேய்ச்சல் உயிரி வந்த தொட்டியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். குளோரின் கூட்டிப் போட்டு முழுதாக அழித்து, தொட்டியைத் தேய்த்துக் காயப் போட்டு, சுத்தமான ஃபிளாஸ்கிலிருந்து மறுபடி ஏறுங்கள். இரண்டு நாள் மிச்சம் பிடிக்கப் போய் அறை முழுக்கப் பரப்பிவிட்டால் அப்புறம் ஸ்டாக்கே தேறாது.

எப்படி வந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா. பலரும் கவனிக்காத ஒரு வழி காற்றுக் குழாய். கரண்ட் போய் ப்ளோயர் நின்றதும், கார்பாயில் முங்கியிருக்கும் குழாய் வழியாகக் கல்சர் மேலேறிப் பொதுக் குழாய்க்குள் போகும். கரண்ட் வந்ததும் அந்த நீர் அடுத்த கார்பாயில் போய்க் கொட்டும். காலையில் பார்த்தால் எல்லாம் சாதுவாகக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும், எதுவுமே நடக்காத மாதிரி. பொதுக் குழாயைக் கல்சர் நீர்மட்டத்துக்கு மேலே கட்டுங்கள், ஒவ்வொரு கிளையிலும் ஒருவழி வால்வு போடுங்கள். காற்று வடிகட்டிப் பஞ்சு ஈரமாகியிருந்தால் உடனே மாற்றுங்கள். கம்ப்ரஸர் காற்றைத் தவிர்க்கலாம், எண்ணெய் ஆவி வரும்.

மேய்ச்சலும் இல்லை, வெப்பமும் இல்லை, பார்வைப் புலமெங்கும் புள்ளிப் புள்ளியாகத் துடித்துக்கொண்டிருக்கிறது என்றால் பாக்டீரியா. அதைப் பற்றி அடுத்து வருகிறது.

வெளித் தொட்டிக்காரர்களுக்கு நாலாவது ஒன்றும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, திறந்த தொட்டியில் மழைநீர் சேர்ந்து உப்புத்தன்மை திடீரென்று இறங்கும், கரையோரக் கடல்நீரும் நீர்த்துப்போய் வரும். ஐசோ நிறைய வீச்சைத் தாங்கும் என்றாலும் ஒரே ராத்திரியில் விழும் சரிவைத் தாங்குவதில்லை. உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழுப்புக் கல்சரில் பச்சை கலக்கிறது

நானோகுளோரோப்சிஸ் அல்லது குளோரெல்லா நுழைந்துவிட்டது. 2 முதல் 4 மைக்ரான் அளவுள்ள அசையாத பச்சைப் பந்துகள் ஐசோவுக்கு நடுவே தெரியும். கண்ணுக்குப் பச்சை தெரியும்போதே அது பெரும்பான்மையாகிவிட்டிருக்கும். வெப்பம், வெளிச்சம், அழுக்கு எல்லாவற்றையும் தாங்கும் இனம் அது, ஒரே அறையில் இருந்தால் குமிழி வெடித்துத் தெறிக்கும் சாரலே போதும். முடிந்தால் பச்சை வகைகளை வேறு அறையில் வளருங்கள். முடியாவிட்டால் பழுப்பு வகைகளின் வேலையைக் காலையில் முதலில் முடித்துவிட்டுப் பச்சைப் பக்கம் போங்கள், திரும்பி வராதீர்கள்.

கலந்த ஸ்டாக்கைப் பிரிக்க வழி உண்டு: வரிசையாகப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று நீர்த்து நிறைய ட்யூபில் வைத்து, எதில் ஐசோ மட்டும் எழுகிறதோ அதை எடுத்து வளர்ப்பது. பொறுமை வேண்டும், சில வாரங்கள் போகும். அவசரம் என்றால் வேறு இடத்திலிருந்து நல்ல ஸ்டாக் கேட்டு வாங்குங்கள்.

நுரை கட்டுகிறது, வாடை வருகிறது

லேசான நுரை காற்றின் வேகத்தால் வரும், பயப்பட வேண்டாம். விரலால் தொட்டால் வழவழப்பாக, பழுப்பு நிறத்தில், சுவரில் வரி வரியாகக் காய்ந்து ஒட்டும் நுரை என்றால் செல்கள் உடைந்து உள்ளிருப்பது வெளியே வந்திருக்கிறது, பாக்டீரியா அதைத் தின்று பெருகுகிறது. நல்ல கல்சருக்கு லேசான கடல்வாடை இருக்கும். அழுகிய முட்டை, கழிவுநீர் வாடை எல்லாம் கெட்ட செய்தி.

விப்ரியோ பாக்டீரியாவைச் சோதிக்கும் டிசிபிஎஸ் அகார் தட்டு ஒன்றில் 0.1 மில்லி பரப்பி ஒரு நாள் வையுங்கள். மஞ்சளோ பச்சையோ புள்ளிகள் நிறைய எழுந்தால் விப்ரியோ இருக்க வாய்ப்புண்டு, அந்தக் கல்சர் லார்வா தொட்டிப் பக்கமே போகக்கூடாது. சிப்பி லார்வா ஒரே நாளில் மொத்தமாக அடியில் இறங்கும் சாவுகளில் பல விப்ரியோவால்தான், அது வந்து சேரும் வழிகளில் தீனியும் ஒன்று. ஆன்டிபயாடிக் போட்டுச் சரிசெய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் போன்றவை இந்திய நீர்வாழ் உயிரி வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. தடை இல்லாவிட்டாலும், மருந்தைத் தாங்கும் விப்ரியோவை நாமே வளர்த்த கதையாகிவிடும்.

கல்சர் அருமை, லார்வா மட்டும் வளரவில்லை

பாசி அறைக்காரரும் லார்வா அறைக்காரரும் சண்டை போட்டுக்கொள்ளும் இடம் இது. பஞ்சாயத்துக்கு லார்வாவின் வயிறு இருக்கிறது. ஓடு கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே பார்க்கலாம். தீனி கொடுத்துச் சிறிது நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள்: வயிறு தங்கப் பழுப்பாக நிறைந்திருந்தால் சாப்பிட்டு ஜீரணமும் ஆகிறது. வெறுமையாக இருந்தால் சாப்பிடவில்லை. பச்சைப் பந்துகள் முழுசு முழுசாகச் சுழன்றுகொண்டிருந்தால் விழுங்குகிறது, ஜீரணிக்க முடியவில்லை. நானோகுளோரோப்சிஸின் செல் சுவர் தடிமன். அது வளர்க்க எளிது என்பதற்காக அதை மட்டுமே கொடுத்து ஒப்பேற்றப் பார்ப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ரோட்டிஃபருக்கு அது அமிர்தம், சிப்பி லார்வாவுக்கு வெறும் வயிற்றை நிரப்பும் சரக்கு.

வயிறு வெறுமையாக இருந்தால் அளவைப் பாருங்கள். ஓடு கட்டிய முதல் கட்டமான டி வடிவ லார்வா 60, 70 மைக்ரான்தான், வாய் அதைவிட எவ்வளவோ சிறிது. 10 மைக்ரானைத் தாண்டும் டெட்ராசெல்மிஸ் என்ற பச்சைப் பாசியை அதற்குக் கொடுத்தால் எப்படி விழுங்கும்? ஐசோ, பாவ்லோவா, கீட்டோசெரஸ் கால்சிட்ரன்ஸ் எல்லாம் அந்த வாய்க்குப் பொருந்தும். டெட்ராசெல்மிஸ் குட்டிச் சிப்பி ஒட்டிய பிறகு தரலாம்.

அடுத்து எண்ணிக்கை. கண்ணால் நிறம் பார்த்து வாளிக் கணக்கில் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஹீமோசைட்டோமீட்டர் என்னும் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் எண்ணுங்கள். ஐசோ நீந்துவதால் முதலில் லூகால் அயோடின் விட்டு நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஒரே செல்லை இரண்டு கட்டத்தில் எண்ணுவீர்கள். நான்கு மூலைக் கட்டங்களின் சராசரியை 10,000ஆல் பெருக்கினால் ஒரு மில்லிக்கு எத்தனை செல் என்று வரும். லூகால் சேர்த்து நீர்த்திருந்தால் அதற்கும் சேர்த்துப் பெருக்குங்கள். உணவுச் சிப்பிக்கு டி கட்டத்தில் ஒரு லார்வாவுக்கு நாளைக்கு 3000, 4000 செல், கால் முளைத்து ஒட்டப்போகும் கட்டத்தில் 10,000 முதல் 12,000 வரை. ஒரு டன் தொட்டியில் மில்லிக்கு 5 லார்வா என்றால் மொத்தம் 50 லட்சம். தலைக்கு 4000 வீதம் 2000 கோடி செல் வேண்டும். உங்கள் ஐசோ மில்லிக்கு 20 லட்சம் இருந்தால் 10 லிட்டர். அதே நிறத்தில் தெரியும், ஆனால் மில்லிக்கு 10 லட்சமே உள்ள கார்பாயிலிருந்து 10 லிட்டர் ஊற்றினால் லார்வாவுக்குப் பாதிப் பட்டினி. கூட்டி ஊற்றுவதும் தப்பு. தின்னாமல் மிஞ்சியது அடியில் அழுகும், நீந்தும் லார்வாவை அடைத்துக்கொள்ளும்.

அளவும் சரி, எண்ணிக்கையும் சரி, வயிறும் நிறைந்திருக்கிறது, இருந்தும் வளரவில்லையா? கல்சரின் வயதைக் கேளுங்கள். வளர்ச்சி நின்ற செல்லில் புரதம் குறைந்து எண்ணெய்த் துளிகள் சேர்ந்திருக்கும், மைக்ராஸ்கோப்பில் பளிச்சென்று மின்னும் துளிகளாகத் தெரியும். வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே அறுவடை செய்யுங்கள். ஒரே வகையில் நிற்காமல் ஐசோவோடு கீட்டோசெரஸையும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் வளர்ச்சி மேலாகவே இருக்கும், ஒன்றில் குறையும் கொழுப்பு அமிலம் இன்னொன்றில் கிடைக்கிறது.

வெளித் தொட்டியில் அம்மோனியம் சல்பேட், சூப்பர் பாஸ்பேட், யூரியா போட்டு வளர்த்த பாசி என்றால் இன்னொரு சந்தேகமும் வேண்டும். மிஞ்சிய அம்மோனியா பாசி நீரோடு சேர்ந்தே லார்வா தொட்டிக்குப் போகிறது, பிஎச் ஏறிய நீரில் அதன் விஷம் கூடும். டன்னுக்கு 100 கிராம் அம்மோனியம் சல்பேட், 10 கிராம் சூப்பர் பாஸ்பேட், 10 கிராம் யூரியா என்ற அளவைத் தாண்டாதீர்கள். அந்தப் பாசியைப் பெரிய சிப்பிக்குக் கொடுங்கள், லார்வாவுக்கு அறைக்குள் கான்வேயில் வளர்ந்ததே இருக்கட்டும்.

ஃப்ரிட்ஜில் வைத்த பாசி கெட்டுப்போகிறது

மிஞ்சிய பாசியைச் செறிவாக்கி வைத்துக்கொள்ளும் ஆசை எல்லாருக்கும் உண்டு. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தது குழைவாக, குலுக்கினால் பரவும்படி இருக்க வேண்டும். வேகம் அதிகமானால் ஐசோ மாதிரி சுவரில்லாத செல்கள் அங்கேயே உடைந்துவிடும், மேலே நிற்கும் நீர் தெளிவாக இல்லாமல் பழுப்பாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த விழுதைச் சேமிக்காதீர்கள். படிகாரம் போட்டுத் திரட்டுவது மலிவுதான், ஆனால் அந்தத் திரளைத் தனித்தனிச் செல்லாகப் பிரிக்க முடியாது, லார்வாவின் வாய்க்கு ஆகாது.

4 டிகிரியில், இருட்டில், ஐசோவும் பாவ்லோவாவும் ஒன்றிரண்டு வாரம் தாங்கினால் அதிகம். டயாட்டம், டெட்ராசெல்மிஸ் இன்னும் சில வாரம் தாங்கும், நானோகுளோரோப்சிஸ் எல்லாவற்றையும்விட நீடிக்கும். பாட்டிலை விளிம்புவரை நிரப்பி இறுக மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது உயிருள்ள செல், அதற்கு மூச்சு வேண்டும். பாதி நிரப்பி, மூடியைத் தளர்த்தி, தினமும் ஒருமுறை மெல்லக் கவிழ்த்து எடுங்கள். ஃப்ரீசரில் வைப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம். மெல்ல உறையும்போது பனிப் படிகம் செல்லைக் கிழித்துவிடும். உருக்கியதும் நிறம் அழகாகத் தெரியும், ஆனால் தொட்டியில் ஊற்றியவுடன் உள்ளிருந்ததெல்லாம் நீரில் கரைந்து பாக்டீரியாவுக்கு விருந்தாகும். கொடுக்கும் முன் ஒரு சொட்டு பாருங்கள்: செல்கள் முழுசாக இருக்க வேண்டும், ஐசோ கொஞ்சமாவது அசைய வேண்டும்.

ஸ்டாக்கே தேய்ந்துகொண்டு வருகிறது

ஒவ்வொரு மாற்றத்துக்கும் வளர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானால், பெரும்பாலும் ஸ்டாக்கில் பாக்டீரியா சேர்ந்துவிட்டது, அல்லது மாற்றும் இடைவெளி மிகவும் நீண்டுவிட்டது. திரவ ஸ்டாக்கை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, சுடர் பக்கத்தில் வைத்து, ஆட்டோகிளேவ் செய்த நீரில் மாற்றுங்கள். 1000 லக்ஸ், 20 டிகிரி சுற்றில், காற்றுக் குழாய் இல்லாமல், நாளைக்கு ஒருமுறை கையால் ஆட்டினால் போதும். ஸ்டாக்கை வேகமாக வளர்ப்பது நோக்கம் இல்லை. டயாட்டமும் பச்சை வகையும் அகார் சாய்வில் நன்றாக நிற்கும். கசையிழையால் நீந்தும் வகைகளில் சில அகாரில் முரண்டு பிடிக்கும், அவற்றைத் திரவத்திலேயே வைத்து இரட்டைப் பிரதி எடுத்துவிடுங்கள். இரண்டு பிரதியையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஒன்று வேறு அறையில், முடிந்தால் வேறு கரண்ட் லைனில்.

மாற்றும் நாளில் பழைய ட்யூபைக் கொட்டிவிடாமல் அடுத்த மாற்றம் வரை வைத்திருங்கள். புதியது எழவில்லை என்றால் கைகொடுக்க அதுதான் இருக்கும். வெளியிலிருந்து வாங்கிவந்த ஸ்டாக்கை, எவ்வளவு நம்பகமான இடத்தில் வாங்கியதாக இருந்தாலும், நேராக அலமாரியில் சேர்க்காமல் தனியாக இரண்டு சுற்று வளர்த்து, 40 எக்ஸில் பார்த்து, டிசிபிஎஸ் தட்டிலும் போட்டுப் பார்த்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். ட்யூபின் மேல் இனத்தின் பெயர், மாற்றிய தேதி, எந்த ட்யூபிலிருந்து வந்தது என்ற மூன்றையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் மை அழிந்துவிடும்.